கோவில்பட்டிக்கு ஒரு ஓடிபி

ஜெர்மனில இலையுதிர் காலத்துக்குன்னு ஸ்கூல்ல லீவு விடுவாங்க, ஹெர்ப்ஸ்ட்ஃபெரியன்னு பேரு. நாங்க இருக்குறது டோர்ட்முண்ட், எங்க மாநிலத்துல 2025ல அது அக்டோபர் 13ல இருந்து 25 வரைக்கும், தீபாவளி 20ந் தேதி, நட்ட நடுவுல வந்து உக்காந்துச்சு. இப்படி அமையிறது அபூர்வம். அங்க ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு ஊருக்குப் போறதெல்லாம் நடக்காது, லீவுக்கு ரெண்டு நாள் முன்னாடி பிள்ளைங்கள கூட்டிட்டுப் பறந்தா அபராதமே போடலாம், அதனால எல்லாக் குடும்பமும் ஒரே நாள்ல கிளம்பும், டிக்கெட்டு விலையும் அதுக்குத் தகுந்த மாதிரி ஏறும். சரி போகட்டும்னு நாலு பேரும் கிளம்பிட்டோம். மகளுக்கு 15, மகனுக்கு 9. அஞ்சு வருஷம் கழிச்சு ஊர்ல தீபாவளி.

முதல் அஞ்சு நாள் தாம்பரத்துல மாமியார் வீடு. அத பத்தி எழுத ஒண்ணும் இல்ல, தின்னோம், தூங்கினோம், மகன் கொசுக்கடிய எண்ணி எண்ணி ஒரு நோட்டுல எழுதி வச்சான்.

பிரச்சனை ஆரம்பிச்சது எங்க ஊரு கோவில்பட்டிக்குப் போறதுக்கு டிக்கெட் பாத்தப்பதான். இப்பல்லாம் 60 நாளைக்கு முன்னாடிதான் ரயில் முன்பதிவு தெறக்குது, முன்னாடி 120 நாளா இருந்துச்சு, ஆகஸ்ட்ல அந்த நாள நான் மறந்துட்டேன், தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை டிக்கெட்டு தெறந்த கொஞ்ச நேரத்துல காலி. சரி தட்கல் போட்டுக்கலாம், காலைல 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு மத்தது, அதெல்லாம் நமக்குத் தெரியாததான்னு கெத்தா உக்காந்தேன். ஜூலைல இருந்து ஆன்லைன்ல தட்கல் போடணும்னா கணக்குல ஆதார் இணைச்சிருக்கணுமாம். சரி இணைப்போம்னா ஆதார்ல இருக்குற நம்பருக்கு ஓடிபி போகும். அந்த நம்பர் என்னோட பழைய சிம், 90 நாள் எதுக்கும் பயன்படுத்தாம ரீசார்ஜும் பண்ணாம விட்டா முடக்கிருவாங்க, நான் விட்டது மூணு வருஷம்.

என்ன தோணுச்சோ, அந்த நம்பருக்கே போன் போட்டேன். ஒரு தம்பி எடுத்தாப்ல, கோயம்புத்தூர் பக்கத்துப் பேச்சு. "அக்கா, நீங்கதானுங்களா அது? உங்களுக்குப் பேங்க்ல இருந்து, ரயில்ல இருந்து, கேஸ்ல இருந்து எல்லாம் ஓடிபி வந்துட்டே இருக்குதுங்க, யாருக்குன்னு தெரியாம நானும் அழிச்சிட்டே இருக்கேனுங்க"ன்னாப்ல. இப்ப வந்தத மட்டும் சொல்லு தம்பின்னு ஒரு நிமிஷம் வாய் வரைக்கும் வந்துச்சு, சத்தியமா. முகம் தெரியாத பையன்கிட்ட ஆதார் ஓடிபிய கேக்குறதான்னு இவரு மொறச்சாரு. நன்றி சொல்லி வச்சிட்டேன். அதுக்குள்ள மணி 10:07, தட்கலும் போச்சு.

அப்புறம் ஆம்னி பஸ்தான். மத்த நாள்ல ஆயிரம் ரூபாய்க்குள்ள போற பெர்த்து அன்னைக்கு 2,600. நாலு பேருக்கு கணக்குப் போட்டுக்கோங்க. எந்த பஸ்ஸுன்னு பேரு சொல்லல, சொன்னாலும் அந்த வாரத்துல எல்லா பஸ்ஸும் ஒரே லட்சணந்தான். கிளாம்பாக்கத்துல ராத்திரி 9 மணி வண்டி 10:40க்கு வந்துச்சு, பரனூர் டோல்கேட்ட தாண்டுறதுக்கே நடு ராத்திரி ஆயிருச்சு. அதுக்கு மேலதான் வேடிக்கை. வடகிழக்குப் பருவமழை முந்தின நாள்தான் தொடங்கிருக்குன்னு டிவில சொன்னாங்க, வெளிய மழை, உள்ளயும் மழை. இவரு படுத்திருந்த பெர்த்துக்கு மேல ஏசி ஓட்டைல இருந்து சொட்டு சொட்டா தலையில விழுது. கிளீனர் தம்பிய கூப்பிட்டா அவன் அலுத்துக்கவே இல்ல, தினம் பாக்குற வேல போல, ஒரு தினத்தந்திய நாலா மடிச்சு ஓட்டைல சொருகினான், அது ஊறி விழுந்ததும் எங்க ஜவுளிக்கடை கட்டைப்பைய வாங்கி அதோட காதுகள ஸ்க்ரீன் கம்பில மாட்டி தொங்கவிட்டான். விடிய விடிய அந்தப் பைக்குள்ள டொக்கு டொக்குன்னு. மகன் கீழ் பெர்த்துல இருந்து எண்ணிட்டே தூங்கிட்டான்.

காலைல ரெண்டு மணி நேரம் லேட்டு. இவரு ஜெர்மன் பழக்கத்துல, "அங்க ரயில் ஒரு மணி நேரம் லேட்டானா கால்வாசி காசு திருப்பித் தருவாங்க, ரெண்டு மணி நேரம்னா பாதி"ன்னு கிளீனர்கிட்ட சொல்ல, அவன் "அப்ப அங்கயும் லேட்டா வருமா சார்?"னு ஒரே கேள்வி. இவரு கப்சிப். வரும்தான், 2024ல ஜெர்மனில தொலைதூர ரயில்ல நேரத்துக்கு வந்தது 62.5 சதவீதம்தான், அத போயி யாருகிட்ட சொல்ல. கடைசில ஊருக்குள்ள போகாம பைபாஸ்லயே எறக்கி விட்டுட்டாங்க. அஞ்சு பெட்டியோட சேத்துல நிக்கிறோம், என் தம்பி தோட்டத்துக்கு உரம் ஏத்துற குட்டியானைய எடுத்துட்டு வந்து பெட்டியோட எங்களையும் ஏத்திட்டுப் போனான். மகனுக்கு இந்த மொத்தப் பயணத்துலயும் பிடிச்ச வண்டி அதுதான்.

இனி நல்லதச் சொல்லணும்.

ஞாயித்துக்கிழமை, தீபாவளிக்கு முந்தின நாள். அம்மா வாங்கி வச்சிருந்த கடலைமிட்டாய மக எடுத்து ஒரே கடி. எங்க ஊரு கடலைமிட்டாய் தெரியும்ல, 2020ல புவிசார் குறியீடு வாங்கினது, கரிசக்காட்டு கடலையும் வெல்லப்பாகும், பாகு பதம் சரியா இருந்தா கண்ணாடி மாதிரி இருக்கும். அவ பல்லுல கம்பி போட்டிருக்கா. டக்குன்னு ஒரு சத்தம், கம்பிய பிடிச்சிருந்த பிராக்கெட்டு ஒண்ணு பிஞ்சு வாய்க்குள்ள கெடக்குது, கம்பி கன்னத்த குத்துது. டோர்ட்முண்ட்ல பல் கம்பி டாக்டர்கிட்ட போட்டுக் கெளம்பறப்பவே "கெட்டியான மிட்டாய் கூடாது"ன்னு ஒரு தாள் குடுத்திருந்தாங்க, அந்தத் தாள ஃப்ரிட்ஜ்ல ஒட்டினது நான்தான். எனக்கு அழுகையே வந்துருச்சு, ஞாயித்துக்கிழமை சாயங்காலம், விடிஞ்சா தீபாவளி, அங்கன்னா இந்நேரத்துக்கு ரொட்டி வாங்கக்கூட கடை இருக்காது.

அம்மா அசரவே இல்ல. "ஏட்டி, நம்ம மெயின்ரோட்டு டாக்டரம்மா இருப்பாக, அவுக தீபாவளிக்கெல்லாம் பூட்ட மாட்டாக"ன்னு ஆட்டோல ஏத்திட்டாங்க. போனா நெசமாவே தெறந்திருக்கு. வெளிய நாலு பேரு, ஒருத்தர் கையில பட்டாசுப் பெட்டி. டாக்டரம்மா சேலைய இழுத்துச் சொருகிட்டு வந்து பாத்தாங்க, பிஞ்சு வந்த பிராக்கெட்ட நான் டிஷ்யூல சுத்தி வச்சிருந்தேன், அத வாங்கி வெளிச்சத்துல பாத்து, பின்னாடி இருந்த பழைய பசையெல்லாம் சொரண்டி எடுத்து, பல்ல காய வச்சு, திரும்ப அதே எடத்துல ஒட்டி நீல வெளிச்சத்த காட்டினாங்க. இருவது நிமிஷம். ஐநூறு ரூபா. "என்னம்மா கடிச்ச?"ன்னு கேட்டாங்க, மக பேந்த பேந்த முழிச்சுட்டு "கடலைமிட்டாய்"ன்னா. "எங்க, எந்தக் கடை?"ன்னு அடுத்த கேள்வி. கடை பேரச் சொன்னதும் "அது கடினமாத்தான் இருக்கும், அடுத்த தடவ தட்டி வாயில போட்டு ஊற வச்சு சாப்பிடு"ன்னாங்க. சாப்பிடாதன்னு சொல்லல பாருங்க!

காசு குடுக்குறதுலதான் மறுபடி மாட்டிக்கிட்டேன். என் கையில நூறும் இருநூறுமா மூணு நோட்டு, ஐநூறுக்குப் பத்தல, மத்தபடி யூரோ கார்டு. அங்க கியூஆர் அட்டை மட்டுந்தான். ஊருல இப்ப பூக்காரம்மாவுல இருந்து வடை போடுறவர் வரைக்கும் யூபிஐதான், அந்தக் குட்டிப் பெட்டி "முப்பது ரூபாய் பெறப்பட்டது"ன்னு கத்துது, நாங்க மட்டும் பழைய காலத்து ஆளுங்க மாதிரி சில்லறைய எண்ணிட்டு நிக்கிறோம். வெளிநாட்டு நம்பர வச்சே என்ஆர்ஓ கணக்குக்கு, அதான் வெளிநாட்டுல இருக்குறவங்க நம்ம ஊர் பேங்க்ல வச்சிருக்குற கணக்கு, அதுக்கு யூபிஐ எடுத்துக்கலாம்னு 2023ல சொன்னாங்க, ஆனா மொதல்ல குடுத்த 10 நாட்டுப் பட்டியல்ல சிங்கப்பூர் இருந்துச்சு, அமீரகம் இருந்துச்சு, அமெரிக்கா, இங்கிலாந்து எல்லாம் இருந்துச்சு, ஜெர்மனி இல்ல. என் நம்பரப் போட்டுப் பாத்தேன், எடுக்கல. "நாளைக்குக் குடுங்க, இல்லாட்டி நாளன்னைக்குக் குடுங்க, ஆச்சிதான் இங்கயே இருக்காகளே"ன்னு டாக்டரம்மா அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டாங்க. ஊர்ல ஆளு மூலமா போற வேல எல்லாம் நிமிஷத்துல முடியுது, போன் மூலமா போற வேல ஒண்ணு கூட எங்களுக்கு நடக்கல. நம்பர் இல்லாதவள ஊருக்குத் தெரியுது, போனுக்குத் தெரியல.

தீபாவளி அன்னைக்கு காலைல 4 மணிக்கே எண்ணெய் தேச்சு எல்லாரையும் உக்கார வச்சாச்சு. வெடி காலைல 6 டு 7, சாயங்காலம் 7 டு 8, அதான் கணக்கு. மகன் ஜெர்மன் வளர்ப்பு, கையில வாட்ச்ச கட்டிட்டு 6 மணி அடிக்கிற வரைக்கும் சரத்துல கை வைக்கல, தெருவுல அஞ்சு மணில இருந்தே வெடிச்சிட்டு இருக்குதுங்க, இவன் அவங்களப் போயி "இன்னும் நேரம் ஆகல"ன்னு சொன்னான், தெருவே சிரிச்சிருச்சு. அங்க வருஷக் கடைசி ராத்திரிக்கு மட்டுந்தான் வெடிக்கலாம், கடையில விக்கிறதே கடைசி மூணு நாள்தான், அதனால அக்டோபர்ல வெடின்னா அவனுக்கு ஏதோ சட்டத்த மீறுற கிளுகிளுப்பு. சிவகாசி பக்கத்துல இருக்குறதால தம்பி மூணு பெட்டி எறக்கிருந்தான். 6:25க்கு மழை கொட்டுச்சு. சங்குசக்கரம் எல்லாம் புஸ்சுன்னு போச்சு. அப்புறம் எதுத்த தெரு கம்பத்துல டமார்னு ஒரு சத்தம், அது வெடின்னு நெனச்சு மகன் கைதட்டினான், கரண்டு போயிருச்சு.

மாவு அரைச்சு பாதியில நிக்கிது. தம்பி மின்னகத்துக்கு, அதான் மின்வாரியத்தோட புகார் மையத்துக்கு, போன் போட்டான், எடுக்க மாட்டாங்கன்னு நான் பந்தயம் கட்டாத கொற, எடுத்தாங்க, இணைப்பு எண்ண கேட்டு பதிஞ்சுக்கிட்டாங்க. ஒன்றரை மணி நேரத்துல ரெண்டு லைன்மேன் அண்ணனுங்க மழைக்கோட்டோட வந்து கம்பத்துல ஏறுறாங்க, தீபாவளி காலைல. வேல முடிச்சு எறங்கினவர்கிட்ட அம்மா அதிரசத்த நீட்டினாங்க, கையெல்லாம் அழுக்கா இருக்கு, வாயில போடுங்க ஆச்சின்னு அவரு வாயத் தெறந்தாரு பாருங்க. இவருக்கு அத போட்டோ எடுக்கணும்னு ஆசை, நான்தான் சும்மா இருங்கன்னு சொன்னேன்.

புதன்கிழமை ஆதாருக்குப் போனோம். மகளுக்கு 15 ஆனதால கைரேகை புதுப்பிக்கணும், அது இலவசம், எனக்கு நம்பர் மாத்தணும், அதுக்கு 75 ரூபா, அக்டோபர் முதல் தேதில இருந்துதான் அம்பது எழுபத்தஞ்சு ஆச்சு. மொத சென்டர்ல சர்வர் வேல செய்யல. ரெண்டாவது சென்டர்ல டோக்கன் 31. மூணு மணி நேரம் கழிச்சு மகளோட முறை வந்துச்சு, அவ கைய நீட்டினா, உள்ள இருந்த பொண்ணு கையப் பாத்துட்டு அப்படியே நாற்காலில சாஞ்சிருச்சு. அம்மா தீபாவளிக்கு மருதாணி அரைச்சு பேத்திக்கு பத்து விரலுக்கும் தொப்பி வச்சு விட்டிருக்காங்க. செக்கச் செவேல்னு. மெஷின் ஒரு விரல எடுக்குது, அடுத்த விரல எடுக்கல. ஈரத்துணில தொடச்சு, தேங்காயெண்ணெய் கொஞ்சம் போட்டு, அழுத்தி, லேசா வச்சு, அந்தப் பொண்ணு பொறுமையா நாலு தடவ முயற்சி பண்ணிச்சு. கட்டை விரல் மட்டும் அடம். அஞ்சாவது தடவ பச்ச விழுந்ததும் பின்னாடி வரிசையில நின்னவங்க கைதட்டுறாங்க. "மருதாணி நல்லா புடிச்சிருக்கு, மாமியா நல்லா வச்சுக்குவா"ன்னு ஒரு பாட்டி சொன்னத மக என்னன்னு கேட்டா, நான் மொழிபெயர்க்கல.

என்னோட நம்பருக்கு அம்மா பேருல புது சிம் வாங்கி, அம்மா போன்லயே ரெண்டாவது எடத்துல போட்டாச்சு. நான் கொண்டு போனா மறுபடி 90 நாள் கத வந்துரும்ல.

திரும்புறப்ப பால்கோவா பிரச்சனை ஒண்ணு. ஐரோப்பாவுக்குள்ள வெளிநாட்டுல இருந்து பால் பொருள் கொண்டு வரக்கூடாது, அம்மாகிட்ட எத்தன தடவ சொன்னாலும் ஏறாது, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு கிலோவ சேலைக்கு நடுவுல வச்சு அனுப்பிருக்காங்க. சென்னை ஏர்போர்ட்டுக்கு வெளிய பெட்டிய எடை போடுறப்ப கெடச்சுது. ட்ராலிய ஓரமா நிறுத்தி நாலு பேரும் நின்னுட்டே அரைக் கிலோ தின்னோம், மீதிய டாக்ஸி அண்ணனுக்குக் குடுத்தோம். கடலைமிட்டாய் மட்டும் வந்துச்சு. மக தட்டித் தட்டித்தான் சாப்பிடுறா.

டோர்ட்முண்ட் வந்து சேந்த அன்னைக்கு ராத்திரிதான் இங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளினாங்க. அத மறந்துட்டேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அடுத்த வருஷத்துக்காவது ரயில் கணக்குல ஆதார இணைச்சு வச்சிருவோம்னு உக்காந்து, ஓடிபிய அனுப்பிட்டு அம்மாக்கு போன் போட்டா அங்க ராத்திரி பதினொன்னு ஆகப் போகுது, தூக்கத்துல எடுத்தாங்க. "மெசேஜ் வந்திருக்கும்மா, ஆறு எண்ணு, படி." கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, கண்ணாடிய தேடுறாங்க. அப்புறம் நிதானமா, "நாலு லட்சத்து எம்பத்தி ரெண்டாயிரத்து..."ன்னு ஆரம்பிச்சாங்க. "அம்மா, ஒண்ணு ஒண்ணா சொல்லும்மா!" "இருடி, எங்க விட்டேன்... நாலு லட்சத்து..." அதுக்குள்ள நேரம் முடிஞ்சு போச்சு, மறுபடி அனுப்பவான்னு திரையில கேக்குது. நீ தூங்கும்மா, நாளைக்குப் பாத்துக்கலாம்னேன்.

"இல்லட்டி, அனுப்பு, கண்ணாடி போட்டுட்டேன்"னாங்க.