ஜனவரியில் பார்த்து வாங்கிய வீடு: உச்சிப்புளிப் பக்கத்தில் எட்டு ஆண்டுகள்

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியிலிருந்து புதுமடம் போகும் வழியில், கடலுக்கு ஏறத்தாழ 700 மீட்டர் தள்ளி, அப்போதே பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்த ஒரு தளவீட்டை 2017-இல் வாங்கினோம். பத்திர வேலையில் எங்களுக்குக் குறை ஏதுமில்லை. வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, புலப்படம் ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டினோம்; உயர் ஓத எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும் என்பதால், வீடு அதற்கு வெளியே இருப்பதையும் உறுதி செய்துகொண்டோம். அந்த அக்கறையில் பாதியைக்கூடத் தண்ணீர் மீதும் உப்பு மீதும் காட்டவில்லை.

நாங்கள் வீட்டைப் பார்த்தது ஜனவரியில். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் முடிந்திருந்தது. மோட்டாரைப் போட்டு ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, நல்ல தண்ணீர் என்று மகிழ்ந்தோம். இந்த மணற்பாங்கான நிலத்தில் மழைநீர், அடியிலிருக்கும் உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால், அதன்மேல் மெல்லிய அடுக்காகத் தங்கி நிற்கிறது. மழை முடிந்த கையோடு பார்த்தால் உவர்க் கிணறுகூடத் தேறிவிடும். மே மாதம் எங்கள் 90 அடி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் தேநீர் போட்டபோது பால் திரிந்துபோனது. சோதித்துப் பார்த்ததில் லிட்டருக்கு 3,400 மில்லிகிராம் கரைந்த உப்புகள் இருந்தன. வேறு வழியே இல்லாத இடத்திலும் குடிநீருக்கு 2,000-க்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

இன்னும் ஆழமாகத் துளைக்கலாமா என்று யோசித்தபோது, பக்கத்து வீட்டுப் பெரியவர், "ஆழம் போனா உப்புதான் தம்பி, நல்ல தண்ணி மேலயில்ல கெடக்கு" என்றார். அவர் சொன்னபடி 14 அடியில் உறைகிணறு இறக்கினோம். காலையில் அரைமணி, மாலையில் அரைமணி என்று சிறிய மோட்டாரால் இறைத்தால் சமையலுக்கு ஆகிற தண்ணீர் கிடைக்கிறது. ஆசைப்பட்டு ஒரேயடியாக இறைத்தால் உப்பு மேலேறி வந்துவிடுகிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர் தெருவுக்கு வருகிறது என்றாலும் தினமும் வருவதில்லை என்பதால், தரைத்தொட்டி இல்லாத வீட்டை வாங்குவோர் அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

அடுத்தது கம்பி. விற்றவர் வீடு முழுவதும் புதுப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தார். அதை நாங்கள் பெருந்தன்மை என்றே நினைத்தோம். இரண்டாம் ஆண்டு சமையலறை சன்ஷேடின் அடிப்பக்கம் ஒரு முறம் அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி வீங்கி, நகத்தால் சுரண்டினாலே செதில் செதிலாக உதிர்ந்தது. கம்பி துருப்பிடித்தால் பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்துவிடும். கட்டும்போதே உவர்நீரில் கலவை போட்டிருந்தால் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 சொல்கிறது. சரிசெய்ய எங்களுக்கு 1,80,000 ரூபாய் ஆயிற்று. பழைய வீட்டைப் பார்க்கப் போகும்போது ஒரு சிறு சுத்தியலைக் கையோடு எடுத்துச் சென்று, மேற்தளத்தின் அடியையும் சன்ஷேடுகளையும் தட்டிப் பார்ப்பது நல்லது. பொத்தென்று வெற்றொலி கேட்கும் இடத்தில் காரை பிடிப்பு விட்டிருக்கிறது என்று பொருள். புதுப் பெயின்ட் அதை மறைக்காது.

மன்னார் வளைகுடாப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, உப்பைச் சுமந்து வருவதால், எங்கள் தெற்கு ஜன்னல் கம்பிகளை இருமுறை மாற்றிவிட்டு, இப்போது தேக்கு அழிகளை வைத்திருக்கிறோம். வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் வாங்குவோருக்கு இதே தொல்லை வாடைக் காலத்தில் வடக்குச் சுவரில் வரும். ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் மே மாதக் கடைசியில் ஒருமுறை சென்று, அந்த வீட்டுத் தண்ணீரிலேயே தேநீர் போட்டுத் தரச் சொல்லிக் குடித்துப் பாருங்கள். முடிந்தால் நவம்பர் மழையில் இன்னொரு முறை சென்று, வாசலில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது என்பதை விற்பவரிடம் கேட்காமல் எதிர்வீட்டாரிடம் கேளுங்கள்.