மழையை ஆளும் ஸ்டோர்ம்: 1992 எக்ஸ்மென் கார்ட் செற்றை யாழ்ப்பாணத்தில் வாங்கிச் சேர்ப்பவருக்கு

மார்வல் கொமிக்ஸின் எக்ஸ்மென், பிறவியிலேயே விசேட ஆற்றல் கொண்ட நாயகர்களின் குழு. மழையையும் காற்றையும் ஆளும் ஸ்டோர்ம் அதில் ஒருத்தி. இவர்களை வைத்து இம்பெல் நிறுவனம் 1992இல் வெளியிட்ட சேகரிப்புக் கார்ட்டுகளின் முதல் தொடரில் 100 கார்ட்டுகள். நூறையும் வரைந்தவர் ஒருவரே, கொமிக்ஸ் ஓவியர் ஜிம் லீ. ஸ்டோர்மைத் தேடிச் சேர்ப்பவர் ஒரேயொரு செற்தான் வாங்கலாம் என்ற நிலையில் இருந்தால் இதைத்தான் வாங்க வேண்டும். ஆனால் கார்ட் பைக்கற்றுகள் அடங்கிய உடைக்காத பெட்டியாக வாங்கக் கூடாது. யாரோ ஏற்கெனவே உடைத்து, எண்ணி, அடுக்கி வைத்த முழுச் செற்றாக வாங்க வேண்டும். மிஞ்சும் காசைப் பாதுகாப்புச் சாமானுக்குப் போட வேண்டும். எங்கள் ஊர் மாரி காலத்தைக் கார்ட் தாங்குமா என்பதை அந்தச் சாமான்தான் தீர்மானிக்கும்.

முதலில் ஸ்டோர்மை ஏன் சேர்க்கிறார்கள் என்று பார்ப்போம். தமிழில் கொமிக்ஸ் படித்தவர்களுக்கு நாயகி புதிதல்ல. தமிழில் வரும் லயன் கொமிக்ஸ் 1984இல் தொடங்கியதே மாடஸ்டி என்ற நாயகியோடுதான். ஸ்டோர்ம் அதற்கு ஒன்பது ஆண்டு முன்னரே பிறந்துவிட்டாள். 1975 மே மாதத் திகதியிட்ட ஜயன்ட் சைஸ் எக்ஸ்மென் முதல் இதழில் லென் வெய்ன் எழுத, டேவ் கொக்ரம் வரைந்தார். முழுப்பெயர் ஓரோரோ மன்றோ. தந்தை அமெரிக்கப் புகைப்படச் செய்தியாளர், தாய் கென்ய அரச குலத்தவர். கெய்ரோவில் வீடு இடிந்து பெற்றோர் இறந்தபோது சிறுமி இடிபாட்டுக்குள், தாயின் உடலுக்குப் பக்கத்தில் கிடந்தாள். மூடிய இடத்தில் அவளுக்கு மூச்சு முட்டுவது அன்று தொடங்கியது. பிறகு கெய்ரோத் தெருக்களில் களவெடுத்துப் பிழைத்தாள். காற்றும் மழையும் மின்னலும் தன் சொல் கேட்பதை உணர்ந்த பின், ஆபிரிக்கச் சமவெளியில் மக்கள் அவளைத் தெய்வமாகக் கும்பிட்டார்கள். மழைக்கும் அம்மனுக்கும் மாரி என்ற ஒரே பெயரை வைத்திருக்கும் எங்களுக்கு இந்த இடம் சட்டென்று பிடிபடும்.

வெய்னுக்குப் பிறகு கதையைக் கையில் எடுத்த கிறிஸ் கிளேர்மொன்ட் 1991 வரை அவளை எழுதினார். ஒரே எழுத்தாளர் பதினாறு ஆண்டு ஒரு பாத்திரத்தைக் கூட்டிக்கொண்டு போனதால் அவளிடம் உண்மையான வளர்ச்சி தெரியும். 1983இல், எக்ஸ்மென் கொமிக்ஸின் 173ஆம் இதழில், நீண்ட வெள்ளைக் கூந்தலை இரு பக்கமும் மழித்து நடுவில் மட்டும் நிமிர்த்தி, தோலுடுப்போடு வந்து நின்றாள். 1984இல், 185ஆம் இதழில், ஃபோர்ஜ் என்ற கண்டுபிடிப்பாளன் உருவாக்கிய ஆயுதம் பட்டு ஆற்றலை இழந்தாள்.  ஆற்றல் இல்லாத நிலையிலேயே 201ஆம் இதழில் சக வீரன் சைக்ளொப்ஸோடு மோதி வென்று குழுவின் தலைமையைப் பிடித்தாள். இழந்த ஆற்றல் 1988இல்தான் திரும்பியது.

கார்ட் சேர்ப்பவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. முடியையும் உடுப்பையும் பார்த்தே படம் எந்தக் காலத்து ஸ்டோர்ம் என்று சொல்லிவிடலாம். ஆகவே இவளுடைய கார்ட்டுகளை ஆண்டு வரிசையில் அடுக்கினாலே ஒரு வரலாறு கண் முன்னே விரியும். பெரும்பாலான பாத்திரங்களுக்கு இது வாய்ப்பதில்லை.

இந்தச் செற் அந்த வரலாற்றில் 1991, 92 காலத்தைப் பிடிக்கிறது. 1991 ஒக்டோபர் திகதியோடு வந்த எக்ஸ்மென் புதிய முதல் இதழ் எண்பது இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதன் ஓவியரும் ஜிம் லீதான். அந்தக் கட்டத்தில் எக்ஸ்மென் நீலக்குழு, தங்கக்குழு என்று இரண்டாகப் பிரிய, தங்கக்குழுவுக்குத் தலைமை தாங்கியவள் ஸ்டோர்ம். லீயின் கோடு கூர்மையானது. முடியும் மேலங்கியும் காற்றில் எழும்போது ஒவ்வொரு மடிப்புக்கும் தனிக்கோடு போடுவார். மெல்லிய மைக்கோடுகள் நெருக்கமாக விழும் இந்த முறை 2.5 அங்குல அகலக் கார்ட்டுக்குள் சுருங்கியும் கலங்காமல் நிற்பது அச்சின் தரத்துக்குச் சான்று.

குறைகளும் உண்டு. செற்றோடு வந்த, வெளிச்சத்தில் முப்பரிமாணமாகத் தெரியும் 5 ஹொலோகிராம் கார்ட்டுகளில் ஸ்டோர்முக்கென்று தனியாக ஒன்று கிடையாது. அவளையே நம்பி வாங்குபவருக்கு இது ஏமாற்றம்தான். இன்னொன்று, மழித்த தலையோடு நின்ற எண்பதுகளின் ஸ்டோர்மை விரும்புகிறவர் வேறு செற் தேட வேண்டும். தூரிகை ஓவியம் பிடித்தவருக்கு அதே 1992இல் ஸ்கைபொக்ஸ் பெயரில் வந்த மார்வல் மாஸ்டர்பீசஸ் செற் பொருந்தும். அதிலும் 100 கார்ட்டுகள், எல்லாம் ஜோ ஜஸ்கோ தீட்டியவை. சேர்ப்பவர் மத்தியில் அதற்கு மதிப்புக் கூட, விலையும் கூட. 1990இன் மார்வல் யூனிவேர்ஸ் முதல் தொடர் 162 கார்ட்டுகள் கொண்டது. தொடக்க காலத்துக் கார்ட் என்பதற்காக வைத்திருக்கலாம். ஓவியத்துக்காக என்றால் லீயின் கார்ட் பக்கத்தில் அது நிற்காது.

பெட்டி வேண்டாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு பெட்டியில் 36 பைக்கற், ஒரு பைக்கற்றில் 6 கார்ட், ஆக 216. கார்ட்டுகள் வடிவாகக் கலந்து விழுந்தன என்று வைத்துக்கொண்டால் 216இல் கிடைக்கக்கூடிய வெவ்வேறு கார்ட்டுகள் ஏறத்தாழ 89. மீதி 11க்கு அலைய வேண்டும். குறிப்பிட்ட ஒரு கார்ட், சொல்லப்போனால் ஸ்டோர்மே, வராமல் போக ஒன்பதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கார்ட்டுகளை அளவுக்கு மிஞ்சி அச்சடித்தார்கள். அதனால் முழுச் செற் இன்றும் பெட்டியை விட மலிவு.

பெட்டியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. முப்பது ஆண்டு பைக்கற்றுக்குள் இறுகிக் கிடந்த பளபளப்புக் கார்ட்டுகள் வெக்கையிலும் ஈரத்திலும் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் மாதிரி ஆகிவிடும். அப்படி ஒட்டியிருந்தால் இழுத்துப் பிரிக்கக் கூடாது, மேற்பூச்சு உரிந்து பின்கார்ட்டோடு போய்விடும். கட்டின் இரு முனையையும் பிடித்து மிக மெல்ல வில்லாக வளைக்க வேண்டும். விடுபடும் இடத்தில் ‘டிக்’ என்று சத்தம் வரும். வெள்ளை நார் தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

செற் வாங்கும்போது விற்பவரிடம் நான்கு படம் கேளுங்கள்: ஸ்டோர்ம் கார்ட்டின் முன்பக்கம், பின்பக்கம், சாய்வு வெளிச்சத்தில் மேற்பரப்பு, அடுக்கிய கட்டின் பக்கவாட்டு. கடைசிப் படம்தான் அதிகம் சொல்லும். நூறு கார்ட்டின் விளிம்பும் ஒரே சுவராகத் தெரிய வேண்டும். நடுவில் கொஞ்சம் உள்வாங்கி இருந்தால் றப்பர் பான்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள் என்று அர்த்தம்; முதல் கார்ட்டிலும் கடைசிக் கார்ட்டிலும் வெட்டு நிச்சயம் இருக்கும். கையில் வந்த பின் பத்து மடங்கு பெருக்கும் பூதக்கண்ணாடியால் ஒரு மூலையைப் பாருங்கள். நல்ல மூலை கத்தியால் வெட்டியது போல் முடியும். தேய்ந்த மூலையில் நிறப்பூச்சு விலகி, உள்ளே இருக்கும் வெள்ளை மட்டை பஞ்சு மாதிரிக் குத்திட்டு நிற்கும். அப்படியே கண்ணாடியை முகத்தின் மேல் நகர்த்தினால் தோலின் நிறம் சிறு புள்ளிகளாகப் பிரிந்து, வட்ட வட்டமாகப் பூப்போல் ஒழுங்கில் நிற்பது தெரியும். அது ஓஃப்செற் அச்சு. ஒழுங்கில்லாமல் மைத்துளிகள் சிதறிக் கிடந்தால் வீட்டுப் பிரின்டரில் எடுத்த போலி.

ஹொலோகிராமை டியூப் லைட்டின் கீழ் வைத்துப் பார்த்துவிட்டு மங்கல் என்று முறையிட வேண்டாம். நீளமான விளக்கில் உருவம் கலங்கும். கைபேசியின் டோர்ச் போல ஒற்றைப் புள்ளி வெளிச்சம் மேலிருந்து விழுந்தால்தான் ஆழம் தெரியும். கீறலும் அப்போதுதான் தெரியும்.

அனுப்பும் வழியில் சிக்கனமானது நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் உறவினரின் கைப்பை. நூறு கார்ட் நாலு சென்ரிமீற்றர் தடிப்புக்குள், இருநூறு கிராமுக்குள் அடங்கும், யாருக்கும் சுமையில்லை. திருவிழாக் காலம் உலர்ந்த காலம் என்பது மேலதிக நன்மை. பெட்டிச் சாமான்களோடு போடாமல் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபாலாக, பின்தொடரும் இலக்கத்தோடு எடுங்கள். செற் கடினப் பிளாஸ்டிக் பெட்டிக்குள், அதைச் சுற்றிப் பொலித்தீன், வெளியே மட்டைப் பெட்டி. ஸ்டோர்ம் கார்ட்டை மட்டும் தனியே மெல்லிய உறையில் போட்டு டொப்லோடர் என்னும் கடினப் பிளாஸ்டிக் உறைக்குள் இறக்கச் சொல்லலாம். டொப்லோடரின் வாயைச் செலோ டேப்பால் ஒட்ட விடக் கூடாது. பசை உருகி உள்ளே இறங்கும். பெயின்ற் அடிப்பவர்கள் ஒட்டும் கடதாசி டேப் போதும்.

இனி மாரி. ஐப்பசி, கார்த்திகையில் சுவர் வியர்க்கும்போது கார்ட்டும் ஈரத்தை உறிஞ்சும். ஹொலோகிராம்தான் முதலில் வளையும். முன்பக்கம் உலோகப் படலம், அது ஈரத்தை விடாது. பின்பக்கத்து மட்டை மட்டும் உறிஞ்சி விரியும், ஆகவே விளிம்புகள் முன்பக்கமாக எழும்பும். சமமான கண்ணாடியில் படம் மேலே இருக்க வைத்துப் பாருங்கள். மூலைகள் இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் எழும்பினால் வேலை தொடங்க வேண்டும். அயன் பண்ணக் கூடாது. உறைக்குள், டொப்லோடருக்குள் போட்டு, ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல் வைத்த பெட்டியில் இரண்டு மூன்று நாள் விட்டு, பிறகு சமமான பாரத்தின் கீழ் ஒரு கிழமை வையுங்கள். அவசரமாகக் காய வைத்தால் மட்டை சுருங்கி எதிர்ப்பக்கம் வளையும்.

அல்பத்தில் வைப்பவர் ஒன்பது பொக்கற் தாள் 12 வாங்க வேண்டும். நூறும் ஐந்து ஹொலோகிராமும் போட்டால் மூன்று பொக்கற் மிஞ்சும். தாள் பொலிப்ரொப்பிலீனாக இருக்கட்டும். பிவிசித் தாளில் இருந்து எண்ணெய் போலக் கசிந்து அச்சைப் பிடித்துவிடும். கார்ட் தாள்கள் பல மூன்று துளை அளவில் வருபவை. கஸ்தூரியார் வீதிக் கடைகளில் கிடைக்கும் இரண்டு வளையப் பொக்ஸ் ஃபைலில் அவை பொருந்தாது. பொருந்தும் என்று புதுத் துளை போட்டால் தாள் சரிந்து, வளையத்தோடு முட்டும் கார்ட்டுகளில் பள்ளம் விழும். வளையம் D வடிவில் உள்ள, தாளுக்கு ஏற்ற ஃபைலைத் தாளோடு சேர்த்தே வரவழைப்பது நல்லது. குருநகர், பாசையூர் மாதிரிக் கடற்கரைப் பக்கம் இருப்பவர் ஃபைலையே தவிர்க்கலாம். உப்புக்காற்றில் வளையம் துருப்பிடித்துத் தாளில் இறங்கும்.

அவர்களுக்கும், உண்மையில் எல்லோருக்கும், சிறந்தது றப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாப் பிளாஸ்டிக் பெட்டி. ஐந்து லீற்றர்ப் பெட்டிக்கு 50 முதல் 100 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. ஊசி 45 வீதத்துக்கும் 50 வீதத்துக்கும் இடையில் நிற்க வேண்டும். அறுபதைத் தாண்டினால் ஜெல் நிறைந்துவிட்டது. முப்பதுக்குக் கீழே போனால் ஜெல்லில் அரைவாசியை எடுத்துவிடுங்கள். இராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போடுவார்கள். கார்ட்டோடு ஒரே பெட்டிக்குள் அது வேண்டாம், அந்த ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பெட்டியை வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரியிலோ நிலத்தோடு இருக்கும் லாச்சியிலோ வைக்காமல், உள்ளறை மேசையில் வையுங்கள். கறையான் வந்தாலும் உடனே கண்ணில் படும்.

ஆவணி, புரட்டாதியில் காற்று உலர்ந்திருக்கும்போது பெட்டியை மூடுங்கள். ஈரப்பதமானியின் ஊசி மேலே சொன்ன எல்லைகளைத் தாண்டினாலன்றித் தை பிறக்கும்வரை திறக்க வேண்டாம். திறக்கும் அன்று ஜெல்லை எடுத்து 110 பாகையில் இரண்டு மணித்தியாலம் அவணில் வைத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். முழுதாக ஆறிய பிறகுதான் கார்ட்டுகளோடு சேர்க்க வேண்டும்.