சர்ஜ் எக்ஸ்டியின் எல்.எஃப்.ஓ.: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

சர்ஜ் எக்ஸ்டி இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் சிந்தசைசர், அதாவது கணினியில் இசை ஒலிகளை உருவாக்கும் கருவி. விற்பனையில் இருந்த சர்ஜை, உருவாக்கியவரே 2018-இல் திறந்த மூலமாக வெளியிட்டார். தன்னார்வலர்கள் அதை வளர்த்தெடுத்து 2022-இல் எக்ஸ்டி பதிப்பைக் கொண்டுவந்தார்கள். ஆண்டுக்கணக்கில் இதையே விடாமல் பயன்படுத்துகிறேன். முதற்காரணம் இதன் எல்.எஃப்.ஓ. பகுதி.

எல்.எஃப்.ஓ. (லோ ஃப்ரீக்வென்சி ஆஸிலேட்டர்) என்பது நொடிக்குச் சுமார் 20 சுழற்சிக்கும் குறைவாக அசையும் அலை. அது தனியாகக் காதில் விழாது. வேறொன்றை அசைப்பதுதான் அதன் வேலை. சுருதியை அசைத்தால் வைப்ரேட்டோ, ஒலியளவை அசைத்தால் ட்ரெமோலோ. புதிதாக வருபவர்கள் சைன், முக்கோணம், சதுரம் என்று அலையின் வடிவத்திலேயே நேரத்தைச் செலவிடுகிறார்கள். அந்த அலை எப்போது, யாருக்காகத் தொடங்குகிறது என்பதுதான் ஒலியின் குணத்தைத் தீர்மானிக்கிறது என்பேன்.

சர்ஜில் ஒவ்வொரு சீனுக்கும் (ஒரு முழு ஒலி அமைப்புக்கும்) ஆறு வாய்ஸ் எல்.எஃப்.ஓ., ஆறு சீன் எல்.எஃப்.ஓ. உண்டு. முன்னது ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனியாக ஓடும்; பின்னது எல்லாச் சுரங்களுக்கும் பொது. ஒரு 'ஸி' சுரத்தை அழுத்திப் பிடித்து, சற்றுப் பொறுத்து 'ஈ', 'ஜி' இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஃபில்டரின் கட்ஆஃபை (ஒலியின் எந்த அதிர்வெண்களை வெட்டுவது என்னும் எல்லையை) வாய்ஸ் எல்.எஃப்.ஓ. அசைத்தால் ஒவ்வொரு சுரமும் தன் போக்கில் திறந்து மூடும். சீன் எல்.எஃப்.ஓ. அசைத்தால் மூன்றும் ஒரே மூச்சில் திறந்து மூடும். பேட் எனப்படும் நீண்டு நிற்கும் மென்மையான ஒலிகளுக்கு நான் வாய்ஸ் எல்.எஃப்.ஓ.வை ரேண்டம் தொடக்கத்தில் வைப்பேன்; அலை ஒவ்வொரு சுரத்துக்கும் வெவ்வேறு இடத்திலிருந்து தொடங்கும். பலர் சேர்ந்து வாசிக்கும் உணர்வு அதில்தான் வருகிறது. தாளத்தோடு துடிக்க வேண்டிய ஒலிகளுக்கு டெம்போவோடு இணைத்த சீன் எல்.எஃப்.ஓ. ரிவெர்ப், டிலே போன்ற எஃபெக்டுகளை அசைக்கவும் அதுதான் வேண்டும்; வாய்ஸ் எல்.எஃப்.ஓ. அங்கே எட்டாது.

ஒவ்வொரு எல்.எஃப்.ஓ.வுக்கும் தனி என்வலப் (அசைவின் அளவு நேரத்தோடு ஏறி இறங்கும் அமைப்பு) இருப்பது பெரிய வரம். வைப்ரேட்டோவுக்கு 5.5 ஹெர்ட்ஸ் சைன், 0.4 நொடி டிலே (இங்கே தொடங்கும் முன் வரும் தாமதம்), அதன்பின் மெல்ல ஏறும் அட்டாக். சுரம் முதலில் நேராக நிற்கும், பிறகே நடுங்கத் தொடங்கும். அந்த நடுக்கத்தின் அளவை கீபோர்டின் பக்கத்தில் உள்ள மாட் வீல் என்னும் சக்கரத்திடம் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு வரியிலும் வாசிப்பவரின் கை தெரியும்.

நீண்ட பேட்களுக்கு டெம்போ இணைப்பு எனக்குப் பிடிக்காது. 0.13 ஹெர்ட்ஸில் ஒன்று கட்ஆஃபை அசைக்கட்டும், 0.17-இல் இன்னொன்று பேனை (ஒலி இடம் வலமாக நிற்கும் இடத்தை) அசைக்கட்டும். இரண்டும் பழைய நிலையில் மீண்டும் சந்திக்க 100 நொடி ஆகும். அதுவரை ஒலி திரும்பத் திரும்ப வருவதாகத் தோன்றாது.

எல்.எஃப்.ஓ.வை முதன்முறையாகக் கற்பவருக்கு மட்டும் 2020-இல் வந்த வைட்டலைச் சொல்வேன். அதில் குமிழைச் சுற்றி அசைவு கண்ணுக்கே தெரிகிறது, அலையைக் கையால் வரையலாம். சர்ஜில் அசைவைப் பின்தொடர நான் காதைத்தான் நம்புகிறேன்.

ரேண்டம் தொடக்கம் வைத்த ஒலி ஒவ்வொரு முறை இயக்கும்போதும் சற்று மாறும். ஆகவே பிடித்த ஒன்று அமைந்ததும் உடனே ஆடியோவாகப் பதிந்துகொள்ளுங்கள்.