சென்னை வெயிலில் ஒரு பைலியா: நான்கு ஆண்டு அனுபவம்

வட்ட இலைகளுக்காகவே பலரும் விரும்பி வாங்கும் பைலியா பெப்பரோமியாய்டிஸ் என்ற செடியைச் சென்னையில், இரண்டாம் மாடியிலுள்ள எங்கள் வீட்டுக்குள் நான்கு ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். தாமரை இலையில் இருப்பதைப் போலவே இதிலும் காம்பு விளிம்பில் சேராமல் இலையின் உட்பகுதியில் வந்து பொருந்துகிறது. அந்த இடத்தில் மேற்புறம் வெளிர்ப் பச்சையாக ஒரு புள்ளி தெரியும். முதன்முதலில் பார்த்த என் அத்தை, "வல்லாரையா இது, துவையல் அரைக்கலாமா?" என்று கேட்டார். வல்லாரைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.

கடைகளில் இதைச் சைனீஸ் மணி பிளாண்ட் என்றே விற்கிறார்கள். என் முதல் செடி செத்ததற்கு இந்தப் பெயரே பாதிக் காரணம் என்பேன். நம் வீடுகளில் மணி பிளாண்ட் என்றால் பாட்டில் தண்ணீரில்கூடத் தழைக்கும் கொடிதான் நினைவுக்கு வரும். அதே நினைப்பில் 2021 ஜூன் மாதம் வாங்கிய செடிக்குத் தினமும் காலையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். தொட்டியில் இருந்ததோ நர்சரியில் நிரப்பிக் கொடுத்த களிப்பான செம்மண். மூன்றாவது வாரத்தில் கீழ் இலைகள் மஞ்சளாகித் தளர்ந்தன. தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றினேன். ஒரு மாதத்தில் தண்டின் அடிப்பகுதி பழுப்பேறிக் குழைந்துவிட்டது. பிடுங்கிப் பார்த்தபோது வேர்கள் கையோடு வழுக்கிக்கொண்டு வந்தன, புளித்த வாடை அடித்தது.

அந்த ஆண்டு நவம்பரில் வாங்கிய இரண்டாவது செடிதான் இன்றுவரை இருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மண்ணை மாற்றினேன். தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, பெர்லைட் எனும் வெண்ணிற எரிமலைக்கல் துகள் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, அதனுடன் இரண்டு கைப்பிடி கழுவிய ஆற்று மணல் என்ற கலவையைத்தான் இன்றும் பயன்படுத்துகிறேன். பிளாஸ்டிக் தொட்டியை விடச் சுட்ட மண் தொட்டியே நம் ஊருக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறுவதால், ஐப்பசி மழையில் காற்றே நனைந்திருக்கும் நாட்களிலும் வேர்ப்பகுதி சொதசொதப்பாவதில்லை.

தண்ணீர் விடுவதற்கு நான் நாள் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டு, உள்ளேயும் காய்ந்திருந்தால் மட்டுமே, அடித்துளை வழியாக வழியும் வரை ஊற்றுகிறேன். தை மாதத்தில் ஏழெட்டு நாட்களுக்கு ஒருமுறையும் பங்குனியில் நான்கு நாட்களுக்கு ஒருமுறையும் அந்த வேளை வருகிறது. விரலை விடவும் நம்பகமான அடையாளம் காம்புதான். நீர் தேவைப்படும்போது விறைப்பாக நிற்கும் காம்புகள் மெல்லத் தாழ்ந்து, இலைகள் தலை குனிந்தாற்போல் தொங்கும். ஊற்றினால் மாலைக்குள் நிமிர்ந்துவிடும். மண் ஈரமாக இருக்கும்போதே இலைகள் தொங்கினால் அது வேரில் கோளாறு என்று பொருள், அப்போது ஒரு சொட்டுக்கூட விடக் கூடாது.

இரண்டாம் ஆண்டில் இலைகளின் அடிப்பக்கம் முழுவதும் கடுகை விடச் சிறிய வெள்ளைப் புள்ளிகள் தோன்றியதைக் கண்டு மாவுப்பூச்சி என்று பயந்துபோனேன். நகத்தால் சுரண்டியபோது பஞ்சு போல நசுங்காமல், உப்புத் துகளாக உதிர்ந்தது. எங்கள் போர் தண்ணீரின் கடினத்தன்மைதான் காரணம். செடி உறிஞ்சிய நீரிலுள்ள தாதுக்கள் இலையின் நுண்துளைகள் வழியே வெளிவந்து படிகின்றன. செடிக்கு இதனால் கேடில்லை. ஆனாலும் அதன்பின் மழைநீரையோ, ஏ.சி. இயந்திரத்திலிருந்து வடியும் நீரையோ பிடித்து வைத்து ஊற்றுகிறேன். புது இலைகளில் புள்ளிகள் வெகுவாகக் குறைந்துவிட்டன.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, கிழக்குச் சன்னலிலிருந்து மூன்றடி தள்ளி, மெல்லிய திரைக்குப் பின்னால் வைத்திருப்பது நன்றாக ஒத்துப்போகிறது. நேர் வெயில் பட்ட இலைகள் இரண்டே நாளில் வெளுத்து, வடுவாகிவிட்டன. இருட்டான மூலையிலோ காம்புகள் அளவுக்கு மீறி நீண்டு செடி கலைந்துபோயிற்று. வெளிச்சத்தின் பக்கமே எல்லா இலைகளும் திரும்பிக்கொள்வதால், வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்பி வைக்க வேண்டும்.

சித்திரையும் வைகாசியும்தான் சோதனைக் காலம். வெயில் 38 பாகையைத் தாண்டும் நாட்களில் புதிய இலைகள் சிறுத்து, குடை போலக் கவிழ்ந்து சுருளும், வளர்ச்சி நின்றுவிடும். சீனாவின் யுன்னான், சிச்சுவான் மாநிலங்களின் மலைப்பகுதிகளில், நிழலும் ஈரமும் உள்ள பாறைகளில் வளர்வது இதன் இயல்பு. நம் கோடையை அது விரும்பாததில் வியப்பில்லை. ஆனாலும் எனக்குத் தெம்பளித்த செய்தி ஒன்று உண்டு. 1940களின் நடுவில் அக்னார் எஸ்பெக்ரென் என்ற நார்வே மிஷனரி யுன்னானிலிருந்து புறப்பட்டபோது இச்செடியையும் உடன் எடுத்துவந்தார். கல்கத்தாவில் ஏறத்தாழ ஓராண்டு தங்கிவிட்டு, 1946இல் நார்வே போய்ச் சேர்ந்தார். அதன் பக்கக் கன்றுகள் கைக்குக் கை மாறி ஸ்காண்டிநேவியா எங்கும் பரவின. கல்கத்தாவின் புழுக்கத்தைத் தாண்டிய செடி சென்னையில் தங்காதா என்று நினைத்துக்கொண்டு, கோடையில் அதை வடக்கு அறையின் தரையில், ஏ.சி. காற்று நேரே படாத இடத்தில் வைக்கிறேன். அந்த இரண்டு மாதமும் உரமே கிடையாது. மற்ற மாதங்களில் தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் கலந்து மாதம் ஒருமுறை விடுகிறேன்.

பக்கக் கன்றுகள் தாய்ச்செடியைச் சுற்றி மண்ணிலிருந்தே முளைக்கின்றன. ஐந்தாறு சென்டிமீட்டர் உயரம் வந்தபின் கத்தியை மண்ணுக்குள் செலுத்தி, சிறிது வேரோடு வெட்டியெடுத்தால் தவறாமல் பிழைக்கிறது. மிகச் சிறியதாக இருக்கும்போது பிரித்த மூன்றும் வாடிப்போயின. இதுவரை பதினொரு கன்றுகள் கொடுத்திருக்கிறேன். அவற்றில் ஒன்று பூனை வளர்க்கும் வீட்டுக்குப் போயிற்று. மணி பிளாண்ட் கொடி பூனைக்கு நஞ்சு, இது அப்படியில்லை என்பதால் தயங்காமல் கொடுத்தேன்.

எதையும் கவனிக்க நேரமில்லாதவர்களுக்கு இந்தச் செடியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்குப் பாம்புக்கற்றாழையே போதும். தினமும் ஒரு நிமிடம் நின்று இலைகளைப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

நான்கு ஆண்டுகளில் அடி இலைகள் உதிர்ந்து, தண்டு ஒரு சாண் உயரத்துக்கு மொட்டையாகிவிட்டதால், சென்ற மாதம் தலைப்பகுதியை வெட்டிக் கண்ணாடிக் குவளையில் தண்ணீரில் வைத்தேன். இப்போது ஒரு விரற்கடை நீளத்துக்கு வெண்ணிற வேர்கள் விட்டிருக்கின்றன. வெட்டுப்பட்ட அடித்தண்டிலும் இரண்டு இடங்களில் பச்சை மொட்டுகள் கிளம்பியுள்ளன.