ஆட்டிசம் பரிசோதனைக்குத் தனியார் தெரபி மையங்களை நாடும் பெற்றோரின் கவனத்திற்கு

கோவையில் உள்ள ஒரு தனியார் தெரபி மையத்தில் எங்கள் மகனுக்கு நேர்ந்ததை இங்கே எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் மையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

மகனுக்கு அப்போது இரண்டரை வயது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டான். வேண்டிய பொருளை விரலால் சுட்டிக்காட்டாமல், எங்கள் கையைப் பிடித்து இழுத்துச் சென்று அதன்மேல் வைப்பான். முன்பு சொல்லிக்கொண்டிருந்த சில சொற்களும் நின்றுபோயிருந்தன. வளர்ச்சி மதிப்பீடு செய்யும்படி குழந்தைகள் நல மருத்துவர் சொன்னார். உடனே இடம் கிடைத்த அந்த மையத்திற்குச் சென்றோம்.

அங்கே அவன் தலையில் ஒரு பட்டையை மாட்டி, ‘பிரெயின் மேப்பிங்’ என்று ஒன்றை எடுத்து, ‘மிதமான ஆட்டிசம்’ என்ற அறிக்கையை அன்றே கையில் கொடுத்துவிட்டார்கள். அவனோடு யாரும் தரையில் உட்கார்ந்து விளையாடிப் பார்க்கவில்லை. பிரசவம் எப்படி இருந்தது, எப்போது நடந்தான், எப்போது முதல் சொல்லைச் சொன்னான் என்று என் மனைவியிடம் எதையும் கேட்கவில்லை. பேச்சு தாமதமாகும் குழந்தைக்குத் தவறாமல் செய்ய வேண்டிய செவித்திறன் பரிசோதனையைப் பற்றிக்கூட அங்கே பேச்சே இல்லை. ஆட்டிசத்தை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. வலிப்பு இருக்குமோ என்ற ஐயத்தில் மருத்துவர், மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இஇஜி பரிசோதனையை எழுதித் தருவது உண்டு, அது வேறு. குழந்தையை நேரில் கவனித்தும் பெற்றோரிடம் விரிவாகக் கேட்டறிந்தும்தான் முடிவுக்கு வர முடியும்.

அந்த அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் வேறொரு குழந்தையின் பெயர் இருந்தது. கேட்டதற்குத் தட்டச்சுப் பிழை என்று சொல்லி, பேனாவால் அடித்துவிட்டு, மேலே எங்கள் மகனின் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

‘ஆறு மாதத்தில் நார்மல் ஆக்கிவிடலாம்’ என்று உறுதியளித்து, ஆறு மாதக் கட்டணம் முழுவதையும் முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள். ஆட்டிசம் மாத்திரைக்கோ பயிற்சிக்கோ மறைந்துபோகும் நோய் அன்று. சீக்கிரம் தொடங்கும் முறையான பயிற்சியால் பேச்சும் பழக்கவழக்கமும் நன்கு மேம்படலாம். ஆனால் இத்தனை மாதத்தில் சரியாகிவிடும் என்று தேதி குறித்துச் சொல்ல எவராலும் முடியாது.

பயிற்சி அறைக்குள் பெற்றோரை விடவே மாட்டார்கள். ஒரு நாள் கதவு சற்றுத் திறந்திருந்தபோது பார்த்தேன். குழந்தை நாற்காலியில் பெல்ட் போட்டு உட்கார வைக்கப்பட்டிருந்தான். எதிரே ஒரு செல்போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அழுது அழுது அவன் சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. ஸ்பீச் தெரபிஸ்ட் என்று எங்களுக்கு அறிமுகப்படுத்தப்பட்ட பெண் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. ஸ்பீச் தெரபிஸ்டும் சிறப்புக் கல்வியாளரும் மருத்துவ உளவியலாளரும் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பெண்ணின் பதிவு எண்ணைக் கேட்டபோது, சான்றிதழ்கள் தலைமை அலுவலகத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். கடைசிவரை காட்டவில்லை.

மீதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பேச்சு வேறு திசைக்குப் போனது. ‘தெரபி மட்டும் போதாது, ஸ்டெம் செல் ஊசி போட்டால் வேகமாகப் பலன் தெரியும்’ என்று வேறொரு மருத்துவமனையின் சீட்டை நீட்டினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல், உடலின் வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லை ஆட்டிசத்திற்கு ஏற்கப்பட்ட சிகிச்சையாக அனுமதிக்கவில்லை. அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே, பணம் வாங்கிக்கொண்டு இதைச் செய்வது நெறிமுறைக்குப் புறம்பானது. பிள்ளை எப்படியாவது பேசிவிட வேண்டும் என்று தவிக்கும் பெற்றோரிடம் இதை விற்பதை எந்த வகையிலும் மன்னிக்க முடியாது.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தபோது அந்த மையத்தின் அறிக்கை எதற்கும் உதவவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் சான்றிதழை அரசு அறிவித்த மருத்துவ அதிகாரிகள்தான் வழங்க முடியும். அரசு மருத்துவமனையில் காத்திருக்க வேண்டியிருந்தது உண்மைதான். ஆனால் அங்கே செவித்திறனைப் பார்த்தார்கள், எங்களிடம் நெடுநேரம் பேசினார்கள், 40 கூறுகள் கொண்ட இந்திய ஆட்டிசம் அளவுகோலை வைத்து அவனை மதிப்பிட்டார்கள். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கான மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் கட்டணம் இல்லை. சென்னைக்கு அருகில் இருப்பவர்கள் முட்டுக்காட்டில் உள்ள, மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனத்தையும் அணுகலாம். சான்றிதழ் கிடைத்தபின், ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேரவும் வழி உண்டு.

மையத்தின் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது. ஆனால் பாதிப்பு நேர்ந்த 2 ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். இதுபோன்ற மையங்களில் பணம் கட்டி ஏமாந்தவர்கள் ரசீது, அறிக்கை, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள்.