பேனிக் அட்டாக்கிற்கு உளவியல் சிகிச்சை: நான் சென்ற மையம் பற்றிய மதிப்புரை

கோவையில் ஓடும் பேருந்தில் திடீரென நெஞ்சு படபடத்து, விரல்கள் மரத்து, இதோ உயிர் போகிறது என்ற நிலையில் இரண்டு முறை அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவள் நான். ஈசிஜி, எக்கோ, தைராய்டு பரிசோதனை எதிலும் குறை இல்லை என்றான பிறகு, இதய மருத்துவர் என்னை மனநல மருத்துவரிடம் அனுப்பினார்; அவர் இதைப் பேனிக் டிஸார்டர் (பேனிக் அட்டாக் எனும் திடீர்ப் பீதி திரும்பத் திரும்பத் தாக்கும் நோய்) என்று கண்டறிந்து, உளவியல் சிகிச்சைக்காக இந்த மையத்திற்கு எழுதிக் கொடுத்தார்.

அதற்கு முன்பே வேறோர் இடத்தில் நான்கு முறை கவுன்சலிங் சென்றிருந்தேன். தைரியமாக இருங்கள், யோகா செய்யுங்கள் என்ற அறிவுரைக்கு மேல் அங்கே எதுவும் நடக்கவில்லை. எந்த முறையில் சிகிச்சை தருகிறீர்கள் என்று கேட்டதற்கும் பதில் கிடைக்கவில்லை. அந்தக் கேள்விக்கு இங்கே நான் கேட்காமலேயே முதல் நாளில் விடை கிடைத்தது என்பதால்தான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

ஐம்பது நிமிட முதல் அமர்வில் என் கதை முழுவதையும் கேட்ட உளவியலாளர், சிகிச்சை முறைகளைப் பற்றித் தமிழிலேயே விளக்கினார். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டின் வழிவந்த முறைகள் இளமைக்கால உறவுகளிலும் மனத்தின் அடியில் கிடக்கும் முரண்களிலும் வேரைத் தேடுகின்றன. உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வகுத்த முறையில், தீர்ப்புச் சொல்லாமல் பரிவோடு கேட்பதே மருந்தாகிறது. 1960களில் மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய சிபிடி (அறிவாற்றல் நடத்தை சிகிச்சை), எண்ணம், உணர்வு, செயல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும் விதத்தைப் பிடித்து மாற்றுகிறது. பேனிக் அட்டாக்கிற்கு வலுவான ஆய்வு ஆதாரம் இருப்பது சிபிடிக்கு என்பதால் அதையே தொடங்கலாம் என்றார்.

பிறகு ஒரு தாளில் வட்டம் வரைந்தார். இதயம் சற்று வேகமாகத் துடிக்கிறது. அதை மாரடைப்பு என்று நான் வாசிக்கிறேன். அச்சத்தில் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து துடிப்பு மேலும் கூடுகிறது. வேகமாக மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றுகிறது, விரல் மரக்கிறது. அது என் பயத்தை உறுதிசெய்கிறது. கைப்பையில் எப்போதும் தண்ணீர் பாட்டில் வைத்திருப்பதும், பேருந்தில் படிக்கட்டு அருகிலேயே உட்காருவதும்கூட, இவற்றால்தான் நான் பிழைத்தேன் என்ற நம்பிக்கையை ஊட்டி அந்த வட்டத்தை உயிரோடு வைத்திருக்கின்றன என்று அவர் சொன்னபோது அதிர்ந்துபோனேன்.

நான்காம் அமர்வு கடினமாக இருந்தது. ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விடுவது, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரா வழியாக மட்டும் சுவாசிப்பது, சுழல் நாற்காலியில் சுற்றுவது என, நான் அஞ்சிய அதே உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைக்கும் பயிற்சிகள் அவை. "மேடம், எனக்கு மயக்கம் வந்துவிட்டால்?" என்று அழுதேன். "வருகிறதா என்று சேர்ந்தே பார்ப்போம்" என்று அவரும் என்னோடு மூச்சு விட்டார். செத்துவிடுவேன் என்ற நம்பிக்கைக்கு முதல் சுற்றில் நூற்றுக்கு 90 மதிப்பெண் போட்ட நான், மூன்றாம் சுற்றில் 40 போட்டேன். இதயநோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைச் செய்யக் கூடாது. என்னிடமும் மருத்துவர் கடிதம் வாங்கிய பின்னரே தொடங்கினார்கள்.

அடுத்த வாரங்களில் வீட்டுப்பாடம்: பாட்டில் இல்லாமல் இரண்டு நிறுத்தங்கள், பிறகு காந்திபுரத்திலிருந்து உக்கடம் வரை நடு இருக்கையில் பயணம். உண்மையில் குணம் தந்தது இதுதான்.

குறைகளும் உண்டு. ஓர் அமர்வுக்கு 1,500 ரூபாய் என்பது வாரந்தோறும் கட்டுவதற்குப் பெரிய தொகை, என் காப்பீட்டில் வெளிநோயாளிச் செலவு கிடைக்கவும் இல்லை. எண்ணங்களைக் குறிக்கும் படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்ததால், நான் நோட்டில் தமிழில் கோடு போட்டு எழுதினேன். உள்ளே பேசுவது காத்திருப்போர் அறையில் லேசாகக் கேட்கிறது. இதை எழுத்தில் புகாராகக் கொடுத்தும் இன்னும் சரிசெய்யவில்லை. அந்தரங்கம் காக்க வேண்டிய இடத்தில் இதைச் சிறு குறையாக என்னால் எண்ண முடியவில்லை.

கட்டணம் தாங்காதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவை) எண்ணில் இலவசமாகத் தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்கும் செல்லலாம். தனியாரிடம் போவதானால், மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள்.

பன்னிரண்டு அமர்வுகள் முடிந்து நான்கு மாதமாகிறது. இடையில் ஒரு கல்யாண மண்டபத்தில் மட்டும் படபடப்பு வந்தது. எழுந்து வெளியே ஓடாமல் பந்தியிலேயே உட்கார்ந்திருந்தேன், பத்து நிமிடத்தில் அடங்கிவிட்டது. அடுத்த மாதம் தொடர் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.