சதவீதம் குறைத்துப் போட்டுவிட்டார்களா? மறுமதிப்பீடு, மேல்முறையீடு, ஆணையர், ஐகோர்ட்: எது எதற்கு உதவும்?

மாற்றுத்திறனாளி சான்றிதழில் எல்லாரும் முதலில் பார்ப்பது அந்தச் சதவீதத்தைத்தான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 40 சதவீதத்தில் கோடு போட்டிருக்கிறது. அரசு வேலையில் ஒதுக்கீடும் உயர்கல்வியில் இடமும் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. தமிழ்நாட்டின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகையில் அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோயிலிருந்து குணமானோர் ஆகியோருக்கு 40 போதும். கை கால் பாதிப்பில் கடுமையான பாதிப்பு என்று வர 75 வேண்டும். ஆகவே 38 என்றோ 70 என்றோ எழுதிய தாளோடு ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வரும் குடும்பம் அடுத்து எங்கே போவதென்று தெரியாமல் நிற்கிறது. ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். கலெக்டரிடம் மனு கொடு என்பார் ஒருவர், இன்னொரு தடவை விண்ணப்பி என்பார் இன்னொருவர், கேஸ் போடு என்பார் மூன்றாமவர். இந்த வழிகள் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தவறான வழியில் போய் ஒரு வருடத்தைத் தொலைத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

மறுக்கப்பட்டது எண்ணா, பணமா?

இதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். சதவீதம் சரியாக இருந்தும் பணம் வராவிட்டால், சதவீதத்தைப் போடும் மருத்துவக் குழுவான மெடிக்கல் போர்டுக்கு அதில் எந்த வேலையும் இல்லை.

பணம் வருவதற்குத் தமிழ்நாட்டில் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை. 2023 ஜனவரியிலிருந்து அது மாதம் 2,000 ரூபாய். இதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போக வேண்டும். மற்றது வருவாய்த் துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். 2023இல் 1,000லிருந்து 1,500 ஆனது. ஊரில் பலர் இதையும் முதியோர் பென்ஷனைப் போல ஓஏபி என்றே சொல்கிறார்கள். விஏஓ, வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ), தனி தாசில்தார் என்று விசாரணை நடக்கும். உடல் பாதிப்போடு வறுமையையும் பார்ப்பார்கள். மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியமும் இதே வழியில்தான் வருகிறது. அதற்கு 80 சதவீதமும் வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பதும் வேண்டும்.

இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. தகுதி இருந்தால் நலத்துறை உதவித்தொகைதான் மேல் என்பது என் கருத்து. தொகை கூடுதல் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், வயது வந்த மகன் இருக்கிறான், ஓட்டு வீடு இருக்கிறது என்று தாசில்தார் ஆபீசில் எழும் கேள்விகளில் மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்கலாம். தாசில்தார் நிராகரித்திருந்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளும் முதல்வர் உதவி மையத்தின் 1100 எண்ணும் இந்த வகைச் சிக்கலுக்கு உண்மையிலேயே உதவும். பணம் சம்பந்தப்பட்ட முடிவுகள் எல்லாம் கலெக்டரின் நிர்வாகத்துக்குள் வருபவை.

சதவீதம் அப்படியல்ல. 35ஐ 45 ஆக்கும் அதிகாரம் கலெக்டருக்குக் கிடையாது. அந்த மனு சுற்றிச் சுற்றி மருத்துவத் துறைக்கே போய், மருத்துவக் குழுவை அணுகவும் என்ற ஒரு வரிப் பதிலாகத் திரும்பி வரும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்: ஒரு மெடிக்கல் போர்டு போட்ட எண்ணை இன்னொரு மெடிக்கல் போர்டுதான் மாற்ற முடியும். ஐகோர்ட்டே ஆனாலும் கடைசியில் இன்னொரு போர்டுக்குத்தான் அனுப்பும். எந்த வழி உங்களைச் சீக்கிரமாக அந்த இரண்டாவது போர்டின் முன்னால் கொண்டுபோய் உட்கார வைக்கும் என்பதுதான் கேள்வி.

மறுமதிப்பீடும் மேல்முறையீடும்

இந்த இரண்டையும்தான் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள். மறுமதிப்பீடு கேட்டால், அன்று அளந்தது சரி, இப்போது நிலைமை மாறியிருக்கிறது என்று சொல்வதாக அர்த்தம். மேல்முறையீடு செய்தால், அன்று அளந்ததே தவறு என்று சொல்கிறீர்கள்.

தசைச்சிதைவு, பார்க்கின்சன், நாளுக்கு நாள் குறையும் பார்வை என்று வளர்ந்துகொண்டே போகும் பாதிப்புகளுக்கு மறுமதிப்பீடுதான் சரியான வழி. சான்றிதழில் தற்காலிகம் என்று தேதி போட்டிருந்தாலும் அப்படியே. மாற்றுத்திறனாளிகளின் தனித்துவ அடையாள அட்டைக்கான யூடிஐடி இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், யாரோடும் மோத வேண்டியதில்லை. ஆனால் புதிய மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லாமல், போன மாதம் காட்டிய அதே ஸ்கேனோடு அதே போர்டுக்குத் திரும்பிப் போனால் அதே எண்தான் கிடைக்கும். கோப்பில் இரண்டு தடவையும் ஒரே முடிவு வந்ததாகப் பதிவாகிவிடும். அப்புறம் மேல்முறையீட்டுக்குப் போனால் அதுவே எதிராக நிற்கும்.

மேல்முறையீட்டு உரிமை சட்டத்தின் 59ஆம் பிரிவில் இருக்கிறது. சான்றளிக்கும் அதிகாரியின் முடிவால் பாதிக்கப்பட்ட யாரும், மாநில அரசு நியமித்த மேல்முறையீட்டு அதிகாரியிடம், விதி சொல்லும் காலத்துக்குள் போகலாம். விண்ணப்பத்தை முழுசாக நிராகரித்தால் படிவம் 8இல் காரணத்தோடு எழுதித் தர வேண்டும். யாரிடம் மறுஆய்வு கேட்கலாம் என்று எழுதவும் அந்தப் படிவத்திலேயே இடம் விட்டிருக்கிறார்கள். சிக்கல் எங்கே வருகிறது என்றால், குறைந்த சதவீதம் போட்டுச் சான்றிதழ் கொடுத்துவிட்டால் அது நிராகரிப்புக் கணக்கில் வராது. படிவம் 8 வராது. அதனால் மேல்முறையீடு என்று ஒன்று இருப்பதே குடும்பத்துக்குத் தெரியாமல் போகிறது. 59ஆம் பிரிவு முடிவு என்றுதான் சொல்கிறது. குறைத்துப் போட்டதும் ஒரு முடிவுதான். சான்றிதழ் கைக்கு வந்த வாரமே மாவட்ட நல அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள்: மேல்முறையீடு யாரிடம், எத்தனை நாளுக்குள்? கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். எனக்கு நடந்த பரிசோதனையின் மதிப்பீட்டுத் தாளின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். உங்களைப் பற்றிய தாள் உங்களுக்குத் தனிநபர் ரகசியம் ஆகாது. அந்தத் தாள் கையில் இருந்தால்தான் மேல்முறையீட்டில் பேச விஷயம் இருக்கும். என் பிள்ளை கஷ்டப்படுகிறான் என்று எழுதுவதைவிட, வலது முழங்கால் மடங்கும் கோணம் அளக்கப்படவில்லை என்று எழுதினால் இன்னொரு டாக்டரை யோசிக்க வைக்கும்.

தாளில் எதைப் பார்ப்பது?

முதலில் கணக்கைப் பாருங்கள். கையில் 40, காலில் 30 என்றால் 70 வரும் என்று நினைத்துக்கொண்டு பலர் சண்டைக்குப் போகிறார்கள். மத்திய அரசின் மதிப்பீட்டு நெறிமுறை அப்படிக் கூட்டாது. பெரிய எண்ணை அப்படியே வைத்து, 90இலிருந்து அதைக் கழித்து, மீதியைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்துச் சேர்ப்பார்கள். 40ஓடு 30 சேர்ந்தால் சுமார் 57தான். இது போர்டின் தவறல்ல, மேல்முறையீட்டிலும் மாறாது. ஒரு கண்ணில் முழுசாகப் பார்வை போய், மற்ற கண் நன்றாக இருந்தால் நெறிமுறைப்படி 30 சதவீதம். இதுவும் எங்கே போனாலும் அதேதான். ஒரு கண் பார்வையை இழந்தவரின் சிரமத்தை அந்த எண் நியாயமாகக் காட்டுகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை மாற்ற நெறிமுறையைத்தான் எதிர்க்க வேண்டும். தனி ஒருவரின் மேல்முறையீடு அதற்கு உதவாது.

ஜெயிக்கக்கூடிய மேல்முறையீடு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பாதிப்பை அளக்காமலே விட்டது, காது கேட்பு அளவீடு ஒழுங்கான அறையில் எடுக்கப்படாதது, இரண்டு பாதிப்பில் ஒன்றை மட்டும் எழுதியது போன்றவை. எல்லாவற்றையும்விட அதிகமாகப் பிழை நேர்வது அறிவுசார் குறைபாட்டு மதிப்பீட்டில் என்று எனக்குத் தோன்றுகிறது.

அங்கே ஐக்யூ சோதனையோடு, வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல் என்ற ஒன்றும் உண்டு. அதில் பெரும்பாலும் பேசுவது பிள்ளை அல்ல, அம்மாதான். 2024 வரை இருந்த 2018 நெறிமுறைப்படி இந்த மதிப்பெண் 55 முதல் 69 என்றால் 50 சதவீதம், 70 முதல் 84 என்றால் 25 சதவீதம். நடுவில் எதுவும் இருக்கவில்லை. 69 வந்தால் மாதம் 2,000 ரூபாய்க்கு வழி இருந்தது, 70 வந்தால் இல்லை. இப்போது உளவியலாளர் கேட்கிறார்: பையன் தானே சாப்பிடுவானா? பெற்ற மனசு என்ன சொல்லும்? ஓ, சாப்பிடுவானே, ரொம்பச் சமத்து. டிரஸ் போட்டுக்கொள்வானா? போட்டுக்கொள்வான். கடைக்குப் போவானா? போவான். பத்து வருடம் பாடுபட்டுக் கற்றுக்கொடுத்த தாய்க்கு அதில் பெருமை இருக்கத்தானே செய்யும். சாதம் பிசைந்து தட்டில் வைப்பது யார், பட்டன் மாட்டுவது யார், கடைக்காரருக்கு முன்கூட்டியே போன் பண்ணி மீதிச் சில்லறையைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பச் சொல்வது யார் என்பதெல்லாம் அந்த அறையில் வெளியே வருவதில்லை. பிள்ளையின் திறமையும் அம்மாவின் உழைப்பும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே மதிப்பெண்ணாகிவிடுகிறது.

பொய் சொல்லச் சொல்லவில்லை. பாதி உண்மையோடு நிறுத்திவிடாதீர்கள் என்கிறேன். ஒரு வாரம் முழுக்க, காலையிலிருந்து இரவு வரை எதற்கெல்லாம் கூட நின்றீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள். சிறப்புப் பள்ளி ஆசிரியரிடமும் ஒரு கடிதம் வாங்குங்கள். இந்த வகை வழக்கில் மேல்முறையீட்டின் முழு பலமும் அந்த நோட்டில்தான்.

சதவீதத்தை ஏற்றித் தருகிறேன் என்று ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் புரோக்கரிடம் மட்டும் போய்விடாதீர்கள். மோசடியாகச் சலுகை பெற்றால் 91ஆம் பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மாட்டிக்கொண்டு நிற்கப்போவது நீங்கள்தான்.

ஆணையரிடம் போவதும் ஐகோர்ட்டுக்குப் போவதும்

மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு அதே 2016 சட்டத்தின் 82ஆம் பிரிவில் சிவில் கோர்ட்டின் சில அதிகாரங்கள் உண்டு. அதிகாரிகளைக் கூப்பிடலாம், கோப்பைக் கொண்டுவரச் சொல்லலாம். வக்கீல் தேவையில்லை, வெள்ளைத்தாளில் எழுதினால் போதும். ஆனால் அவர் கொடுப்பது பரிந்துரை. துறை அதை ஏற்காவிட்டால் மூன்று மாதத்துக்குள் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது 81ஆம் பிரிவு. அவசரத்துக்கு இடைக்கால உத்தரவு எதிர்பார்க்க முடியாது. மத்திய அரசின் முதன்மை ஆணையருக்கே அந்த அதிகாரம் இல்லை என்று பழைய 1995 சட்டத்தின் கீழ் 2010இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே எண்ணைப் பற்றிய சண்டைக்கு ஆணையர் பொருத்தமில்லை. அலைக்கழிப்புக்கு எதிராக அவர் மிகப் பொருத்தம். போர்டில் உளவியலாளரே இல்லை, மாதக்கணக்கில் தேதி தரவில்லை, மேல்முறையீட்டு மனுவை வாங்கவே மறுக்கிறார்கள் என்றால் அவரிடம் போங்கள். சான்றிதழுக்கு 2017 விதிகளில் ஒரு மாதம் என்று இருந்த அவகாசம் 2024 திருத்தத்தில் மூன்று மாதமாகிவிட்டது. அதையும் தாண்டியிருந்தால் உங்கள் பக்கம் வலு கூடும்.

ஐகோர்ட் என்றால் சென்னை, தென் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. நேராக ரிட் மனு போட்டால் மேல்முறையீடு செய்தீர்களா என்பதுதான் முதலில் வரும் கேள்வி. செய்துவிட்டுப் பதில் வரவில்லை என்றால், குறிப்பிட்ட வாரத்துக்குள் முடிவெடுக்கச் சொல்லியோ வேறு மருத்துவக் கல்லூரி போர்டில் மறுபரிசோதனை செய்யச் சொல்லியோ உத்தரவு வாங்க முடியும். கல்லூரி கலந்தாய்வு, வேலைத் தேர்வு என்று கடைசித் தேதி நெருங்கும்போது இதைவிட வேகமான வழி இல்லை. மருத்துவப் படிப்புச் சேர்க்கை பற்றிய 2024ஆம் ஆண்டு வழக்கொன்றில், சதவீதம் மட்டுமே ஒருவரைத் தகுதியிழக்கச் செய்யாது, படிக்க முடியுமா என்பதையும் போர்டு பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உதவித்தொகைக்காக மட்டும் ஐகோர்ட் வரை போவது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

செலவை நினைத்துப் பின்வாங்க வேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இன் 12ஆம் பிரிவு மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அதன் ஆபீஸ் இருக்கும், 15100 எண்ணிலும் கேட்கலாம்.

என் வரிசை இதுதான். நோய் வளர்ந்திருந்தால் புதிய ஆதாரத்தோடு மறுமதிப்பீடு. அளந்ததே தவறென்றால் ஆர்டிஐ மனுவும் 59ஆம் பிரிவு மேல்முறையீடும் ஒரே வாரத்தில். இழுத்தடித்தால் ஆணையர். தேதி தலைக்கு மேல் நின்றால், மேல்முறையீட்டு ஒப்புகையைக் கையில் வைத்துக்கொண்டு ஐகோர்ட்.

எல்லாம் பார்த்தும் 40 வரவில்லை என்றால்கூட அந்தச் சான்றிதழைக் கிழித்துப் போடாதீர்கள். 40 சதவீதம் இல்லாதவருக்கும் தேர்வு எழுதத் துணை எழுத்தர் கேட்கும் உரிமை உண்டு என்று 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒரு குடிமைப் பணித் தேர்வர் யுபிஎஸ்சிக்கு எதிராகப் போராடி வாங்கிய தீர்ப்பு அது. பள்ளித் தேர்வோ கல்லூரித் தேர்வோ எழுதப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், 30 சதவீதச் சான்றிதழின் நகலோடு அந்த வழக்கின் பெயரையும் குறிப்பிட்டுத் தலைமையாசிரியரிடமோ தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமோ இப்போதே எழுதிக் கொடுங்கள்.